சொட்டு விழுந்த இடம் வேறு, கசிந்த இடம் வேறு

வெள்ளிக்கிழமைகளில் அம்மா கோலம் போடுகிற இடத்தில்தான் அந்தக் கறை முதலில் தெரிந்தது. 50 காசு நாணயம் அளவு இருக்கும். அம்மா சலவைத் தூளைப் போட்டுத் தேய்த்தார். கறை சற்று வெளுத்தது. மறுவாரம் அதே இடத்தில் இன்னும் பெரிதாக, கறுப்பாக, பளபளவென்று வந்து உட்கார்ந்துகொண்டது. கோலத்தை ஓரமாகத் தள்ளிப் போட்ட அம்மா, கறையின் மேல் ஒரு பழைய நாளிதழை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். விரித்தது இந்த நாளிதழ்தான் என்றும், மேலே இருந்தது இதே மாணவர் பக்கம்தான் என்றும் என் தங்கை இன்றுவரை சத்தியம் செய்கிறாள்.

எங்கள் கார் இருபது வயதைத் தாண்டிய 1.5 லிட்டர் கார். அப்பா லாரி ஓட்டுநர். மாதத்தில் சில நாட்கள்தான் கிள்ளானில் இருப்பார். ஆகவே காரின் முழுப் பொறுப்பும் அம்மாவுடையது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இடியப்பமும் நாசி லெமாக்கும் பொட்டலம் கட்டி, ஆறேகாலுக்குள் ஷா ஆலாமில் இரண்டு தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலைகளில் சேர்த்துவிட வேண்டும். கார் ஒரு நாள் படுத்தால் அன்றைய வரும்படியும் படுத்துவிடும். சமைத்ததை நாமே மூன்று வேளை சாப்பிட வேண்டியதுதான். அந்தக் காட்சியை நாங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறோம். இரண்டாவது முறை பார்க்க வீட்டில் யாருக்கும் ஆசையில்லை.

தீபாவளிக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது, விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நான் காரைப் பட்டறைக்குக் கொண்டு போனேன். பதினாறு வயது மாமன் மகனும் துணைக்கு வந்தான். காரை மேலே தூக்கினார்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. போமன் டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்தார். (போமன் என்பது நம் ஊரில் கார் பழுது பார்ப்பவர். ஆங்கிலத்தின் ஃபோர்மேன் மலாய்க்காரர் வாயில் போமன் ஆகி, அங்கிருந்து நம் வாய்க்கு வந்துவிட்டது.) “ரியர் மெயின் சீல் போயிருச்சு. கியர்பாக்ஸ இறக்கணும். ஆயிரத்து முந்நூறு வெள்ளி ஆகும். மூணு நாள் கார் இங்க இருக்கணும்” என்றார். கேள்வி கேட்டது நான். பதிலை அவர் என் மாமன் மகனிடம் சொன்னார். அவனுக்கு சீல் என்றால் கடல் விலங்குதான் தெரியும்.

ஆயிரத்து முந்நூறு ரிங்கிட் தங்கையின் டிப்ளோமா சேர்க்கைக்காக அம்மா தனியாக எடுத்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல். “யோசிச்சு சொல்றேண்ணே” என்று காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த சீலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அது என்ஜினின் ஒரு முனையில் வெளியே வந்து கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொடுக்கிறது. சுழலும் தண்டு வெளியே வர வேண்டும், எண்ணெய் மட்டும் வரக்கூடாது. அதற்காகத் தண்டைச் சுற்றி உதடு போல இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு வளையம்தான் ரியர் மெயின் சீல். வளையத்தின் விலை அதிகமில்லை. ஆனால் அதைத் தொடுவதற்குக் கியர்பாக்ஸையே கழற்றி இறக்க வேண்டும். நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்த உழைப்புக்கு. அதனாலேயே, கோளாறு அங்கேதான் என்று உறுதியாகத் தெரியாமல் அந்த வேலையில் இறங்கக்கூடாது. இறக்கிய பிறகு ‘இது இல்லை’ என்று தெரிந்தால் கூலி திரும்பி வராது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. குழாயில் ஓடும் திரவத்துக்கு ரெனால்ட்ஸ் எண் கணக்கிடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டுவேன். ஆனால் அன்றுவரை எங்கள் காரின் பானெட்டை நானே திறந்தது இரண்டு முறைதான். இரண்டு முறையும் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஊற்றுவதற்காக.

பக்கத்து வீட்டுத் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் பழுது பார்த்தவர். இப்போது முழங்கால் வலி, குனிய முடியாது. வேலியோரம் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கழுவிப் பாத்தாங்களா பாப்பா?”

“இல்ல தாத்தா.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

அன்றிரவே வேலையை ஆரம்பித்தேன். நாளிதழ் எண்ணெயை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் அளவு தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு, குளிர்பதனப் பெட்டி வந்த வெள்ளை அட்டையைக் கார் அடியில் விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் இருபது சொட்டு.

முதலில் அது என்ஜின் எண்ணெய்தானா என்று பார்க்க வேண்டும். காரிலிருந்து வேறு பலவும் சொட்டும். நம் வெயிலுக்குக் குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் வெறும் தண்ணீர்தான் அதிகம். அதற்கு நிறமும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. ரேடியேட்டர் நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், இனிப்பு வாடை அடிக்கும். ஆட்டோ கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. மேனுவல் கியர் எண்ணெய்க்குக் கந்தக வாடை உண்டு. சக்கரத்தின் உட்புறத்தில் தெளிவான, வழுவழுப்பான ஈரம் கண்டால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்போது காரை எடுக்கவே கூடாது. எங்கள் அட்டையில் இருந்தது கறுப்புக் கலந்த பழுப்பு நிறம். அளவுக்கோலை உருவிப் பார்த்தேன். அதிலிருந்த எண்ணெயும் அதே நிறம். இங்கே ஒரு கணக்கும் உதைத்தது.

இருமல் மருந்துக் குப்பியின் மூடியில் பழைய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன். ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய முப்பது சொட்டு வந்தது. இரவுக்கு இருபது சொட்டு என்றால், ஆறு வாரத்தில் முப்பது மில்லி லிட்டர்கூட ஆகாது. ஆனால் ஆறு வாரத்துக்கு முன் மேல்கோடு வரை ஊற்றிய எண்ணெய், இப்போது இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றது. எங்கள் காரின் கையேட்டின்படி அந்த இரு கோடுகளுக்கும் இடைவெளி ஒரு லிட்டர். அப்படியானால் காணாமல் போனது அரை லிட்டர். புகைக்குழாயில் நீலப் புகை இல்லை, எனவே உள்ளே எரிந்தும் போகவில்லை. வாசலில் நாங்கள் பார்த்துக் கவலைப்பட்டது வெறும் மிச்சம். பெரும்பகுதி கார் ஓடும்போது போய்க்கொண்டிருந்தது, கூட்டரசு நெடுஞ்சாலை நெடுக. இந்தக் கணக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. எண்ணெய் அடிமட்டத்துக்குப் போய், அழுத்த விளக்கு எரிந்து, அதைக் கவனிக்காமல் அம்மா அந்த இருட்டில் ஓட்டிக்கொண்டே போனால் என்ஜின் இறுகிவிடும். அதற்குப் பிறகு பேச்சு ஆயிரத்து முந்நூறில் நிற்காது. கசியும் எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் அம்மா அளவுக்கோலைப் பார்ப்பது, குறைந்தால் ஊற்றுவது என்று முடிவு செய்தோம். கசிவைக் கண்டுபிடிக்கும்வரை என்ஜினை உயிரோடு வைத்திருப்பதற்கு இது போதும். ஒரு லிட்டர் எண்ணெய் இருபது, இருபத்தைந்து ரிங்கிட்தான்.

அடுத்த சனிக்கிழமை கழுவினேன். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் காற்று உள்ளே போகும் வாயையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினேன். கொழுப்பு நீக்கியைத் தெளித்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். இரண்டு மணி நேரமும் மூன்று பழைய சட்டைகளும் போயின. அந்தத் துணியையும் வழித்தெடுத்த எண்ணெயையும் கால்வாயில் போடாதீர்கள். பழைய மசகு எண்ணெய் நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு. சேகரித்து வைத்து, எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

பிறகு முகப் பவுடர். ஆம், பூசிக்கொள்கிற பவுடர்தான். நன்றாகக் காய்ந்த என்ஜின் மேல் அதை மெல்லியதாகத் தூவிவிட்டால், எண்ணெய் எங்கே வருகிறதோ அங்கே வெள்ளையில் கறுத்த கோடு விழும். பெல்ட்டுகள் இருக்கும் பக்கம் மட்டும் தூவக்கூடாது. தலைமுடியைக் கட்டிக்கொண்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, என்ஜினை முடுக்கிக் கால் மணி நேரம் நின்றபடியே ஓடவிட்டேன். ஒரு கோடுகூட விழவில்லை. தாத்தா சிரித்தார். “அது வீட்டுல நல்ல புள்ள மாதிரிதான் இருக்கும். ரோட்டுல ஓட்டிட்டு வந்து பாரு.”

ஷா ஆலாம் வரை போய்த் திரும்பினேன். பானெட்டைத் திறந்தால் என்ஜினின் தலைப்பகுதியை மூடியிருக்கும் வால்வு மூடியின் ஓரம் நெடுக ஈரம். பவுடர் சேறாகியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மேலேயிருந்து வழிந்த எண்ணெய்தான் கியர்பாக்ஸ் சேருமிடத்தில் போய்த் தொங்கியிருக்கிறது! உதிரிபாகக் கடையில் முப்பத்தைந்து ரிங்கிட்டுக்கு ரப்பர் கேஸ்கட் வாங்கி, காணொளி பார்த்து மாற்றினேன். நண்பர்கள் குழுவில் படம் போட்டேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

புதன்கிழமை தங்கை அட்டையின் படத்தை அனுப்பினாள். பதினாறு சொட்டு.

அந்த வாரம் முழுவதும் வளாகத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இருபது பதினாறானதை வெற்றி என்று வாதிட முயன்றேன். அம்மா, “சரிம்மா” என்று மட்டும் சொன்னார். அந்த ‘சரிம்மா’வில் பட்டறைக்கு ஒரு தேதி ஒளிந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை உலோகச் சோர்வு பற்றிய வகுப்பில் விரிவுரையாளர் ஒரு விமான விபத்தைக் காட்டினார். கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும், ஆனால் அன்று வேறு மாதிரிக் கேட்டது. 2010 நவம்பர் 4ஆம் தேதி, சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் 32, ஒரு ஏர்பஸ் ஏ380. மொத்தம் 469 பேர். மேலே ஏறிய சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே, இடது பக்கத்து இரண்டாம் எண் என்ஜின் வெடித்தது. உடைந்த துண்டுகள் இறக்கையைத் துளைத்துக்கொண்டு போயின. விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போராடி சாங்கியிலேயே தரையிறக்கினார்கள். ஒருவர் உயிரும் போகவில்லை.

நான் குறித்துக்கொண்டது அதற்குப் பிறகு ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்த விதத்தை. கண்ணுக்குத் தெரிந்தது உடைந்த ஒரு டர்பைன் வட்டு. அதன் பெரிய துண்டு ஒன்று பாத்தாமில் கிடைத்தது. வட்டில் கோளாறு என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் பின்னோக்கிப் போனார்கள். வட்டு ஏன் உடைந்தது? என்ஜினுக்குள் எழுந்த தீயால் தண்டிலிருந்து பிரிந்து, கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்றதால். தீ ஏன் வந்தது? சூடான பகுதிக்குள் எண்ணெய் கசிந்ததால். எண்ணெய் ஏன் கசிந்தது? தாங்கிக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாயில் விரிசல் விழுந்ததால். விரிசல் ஏன் விழுந்தது? அந்தக் குழாயின் உட்புறத்தைக் கடைந்தபோது துளை மையத்திலிருந்து விலகி, ஒரு பக்கத்துச் சுவர் மெலிந்துபோனதால். 2013 ஜூன் மாதம் வெளியான இறுதி அறிக்கை அந்த மெலிந்த சுவரில் போய் நிற்கிறது. அவ்வளவு பெரிய விமானம், கடைசியில் ஓர் எண்ணெய்க் கசிவு.

எங்கள் காரை அந்த விமானத்தோடு சேர்த்துப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் நான் செய்த தவறு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வால்வு மூடி ஓரத்தில் ஈரம் கண்டதும் நான் நின்றுவிட்டேன். கேஸ்கட் ஏன் கசிந்தது என்று கேட்கவில்லை. வேறு எங்காவது ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. பட்டறைக்காரர் கீழே கண்டதோடு நின்றார், நான் மேலே கண்டதோடு நின்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை தாத்தா ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். என்ஜின் நின்றபடி ஓடும்போது, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடிக்க வேண்டும். பை மெதுவாக உள்ளே இழுபட்டால் நல்லது. எங்கள் பை பலூன் மாதிரி உப்பியது.

காரணம் பி.சி.வி. வால்வு என்ற விரல் நீளச் சாமான். பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயு கொஞ்சம் கீழே கிராங்க் அறைக்குள் நழுவி வரும். அது வெளியேற வழி வேண்டும். அந்த வாயுவை எடுத்து மறுபடியும் என்ஜின் உறிஞ்சும் காற்றோடு சேர்த்துவிடுவதுதான் இந்த வால்வின் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே சீல் பலவீனமாக இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது அதிகமாகவும், வீட்டில் நிற்கும்போது குறைவாகவும் கசிந்ததற்குக் காரணம் புரிந்தது. நான் இதையெல்லாம் காகிதத்தில் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அம்மா சொன்னார்: “குக்கர்ல விசில் அடைச்சிக்கிட்டா ரப்பர் ஓரமா தண்ணி கொப்புளிச்சிட்டு வரும்ல? அதானே?” அதேதான். என் படத்தை மடித்து வைத்துவிட்டேன்.

வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன். நல்ல வால்வு என்றால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும். எங்களுடையது கல் மாதிரி இருந்தது. கறுத்த பிசின் ஏறி இறுகியிருந்தது. புதியது பதினெட்டு ரிங்கிட். போட்டதும் பிளாஸ்டிக் பை உள்ளே இழுபட்டது. இரவு அட்டையில் ஆறு சொட்டுதான்.

இந்த முறை நான் யாருக்கும் படம் அனுப்பவில்லை. மறுபடியும் கழுவினேன், மறுபடியும் பவுடர், மறுபடியும் ஷா ஆலாம். ஆனால் பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டேன். எண்ணெய் கீழ்நோக்கித்தான் வழியும். ஓடும் காரில் காற்று அதைப் பின்பக்கமாகவும் தள்ளும். ஆகவே ஈரமான இடங்களிலேயே எது ஆக மேலே, எது ஆக முன்னே இருக்கிறது என்று தேட வேண்டும். கீழேயிருந்து மேலாக ஈரத்தைப் பின்தொடர்ந்து, அதற்கு மேல் காய்ந்திருக்கிறது என்ற எல்லை வரை போக வேண்டும். கண் போகாத இடத்துக்குத் தங்கையின் கைக்கண்ணாடியும் தொலைபேசி விளக்கும். (இதற்கென்றே எண்ணெயில் கலக்கும் சாயம் கடைகளில் உண்டு. புற ஊதா விளக்கு அடித்தால் கசிந்த இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பவுடரில் பிடிபடாத கசிவுக்கு அதை வாங்கலாம்.)

வால்வு மூடியின் ஓரம் இப்போது காய்ந்திருந்தது. எங்கள் காரில் என்ஜின் குறுக்கு வாட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் பெல்ட்டுகள், மறுபக்கம் கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் பக்கத்து முனையில், சிலிண்டர் தலையோடு ஒட்டி டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புகிற சாமான். அதன் தண்டு சிலிண்டர் தலைக்குள் போகிறது. அது நுழையும் இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தபோது அந்த இடத்தின் அடிவயிற்றில் ஒரு கறுத்த கோடு. அதற்கு மேலே வெள்ளைப் பவுடர் அப்படியே இருந்தது. கோடு நேராகக் கீழே இறங்கி, கியர்பாக்ஸின் தோளில் விழுந்து, சேருமிடத்தின் பள்ளம் வழியாக ஓடி, பட்டறைக்காரர் டார்ச் அடித்த அதே புள்ளியில் போய்த் தொங்கியது.

இதைக் கழற்றும் முன் ஒரு விஷயம். டிஸ்ட்ரிபியூட்டரை இம்மியளவு திருப்பி மாட்டினாலும் பொறி விழும் நேரம் மாறி, கார் திக்கித் திணறும். எனவே அது எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை, உடல் மேலும் சிலிண்டர் தலை மேலும் சேர்த்து, எழுத்துப் பிழை திருத்தும் வெள்ளை மையால் ஒரே கோடாகக் குறித்தேன். உள்ளே சுழலும் கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு போல்ட்டுகள். இழுத்ததும் வந்துவிட்டது. ஓ-ரிங்கை நகத்தால் நெம்பினேன். ரப்பர் என்றால் வளைய வேண்டும். இது பழைய பிளாஸ்டிக் வளையல் மாதிரி பட்டென்று இரண்டாக உடைந்தது. இருபது ஆண்டு வெப்பம் அதை அப்படி ஆக்கியிருந்தது.

புதிய ஓ-ரிங் நான்கு ரிங்கிட். கடைக்காரர் அதற்குப் பையே தரவில்லை.

பட்டறைக்காரர் எங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் காட்டிய இடத்தில் எண்ணெய் உண்மையாகவே இருந்தது. இருபது வயதுக் காரில் அந்த சீல் போவதும் சாதாரணம்தான். வரிசையில் ஐந்து கார்கள் நிற்க, ஒரு காரைக் கழுவி, ஓட்டி, மறுபடியும் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்க நாமும் தயாராக இல்லை. ஆனால் ஆயிரத்து முந்நூறு கேட்கும் முன் ‘கழுவிப் பார்த்துட்டுச் சொல்றேன், முப்பது வெள்ளி கொடுங்க’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன். என்னிடம் முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் நாற்பதே கொடுத்திருப்பேன்.

இப்படித் தேடப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழையாதீர்கள். நான் செய்த எல்லா வேலையும் மேலேயிருந்து, பானெட்டைத் திறந்து செய்ததுதான். அடியில் பார்க்க வேண்டியிருந்தால், முழங்காலிட்டு வெளியிலிருந்தே கண்ணாடியை நீட்டுங்கள்.

ஓ-ரிங் போட்ட மறுநாள் காலை அட்டையில் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அளவுக்கோலில் எண்ணெய் வைத்த இடத்தில் அப்படியே நின்றது. தங்கையின் சேர்க்கைப் பணமும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நான் வீட்டுக்கு வந்த மதியம், அம்மா கடைத்தெருவிலிருந்து திரும்பி வாசலில் காரை நிறுத்தினார். சற்று நேரத்தில் வாசலிலிருந்து அவர் குரல்: “இங்க வாம்மா. வந்திருச்சு.” ஓடினேன். அட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குனிந்து விரலால் தொட்டேன். முகர்ந்தேன். விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன்.

“தண்ணிம்மா. ஏர்கோன் தண்ணி.”

அம்மா நம்பவில்லை. தானும் குனிந்து ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, “காரை நாளைக்கு வெளிய ரோட்டுல விட்டுரு, பெரிய கோலமா போடணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பழைய கறை இன்னும் போகவில்லை. மறுநாள் அம்மா அதன் மேலேயே நடுப்புள்ளியை வைத்தார்.